நான்காவது பெயர்

ஜனவரி 8, 2024, திங்கள்

அகராதி வேலையை இன்று மறுபடி கையில் எடுத்தேன். "பள்ளிப் பிள்ளைகளுக்கான பிரெஞ்சு–தமிழ் அகராதி, மேடம், சின்னதுதான்" என்று சொல்லி, சென்னைப் பதிப்பகத்துக்காரர் குணசீலன் போன ஆண்டு இதை என் தலையில் கட்டினார். எதைச் சின்னது என்றாரோ தெரியவில்லை. சொல்லுக்கு ஓர் அட்டை என்று, முதல் எழுத்துக்கே நானூறு அட்டைகள் ஆகிவிட்டன. அந்த எழுத்தைப் பிப்ரவரி இருபதுக்குள் முடித்து அனுப்ப வேண்டும்.

பாதாம், அபராதம், கசப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் மளமளவென்று போயின. 'அமி'யில் நின்றுவிட்டேன். ஆண்பால் அட்டை முடிந்தது. பெண்பாலுக்குத் தனி அட்டை. பொருள் எழுத என்ன கஷ்டம்? தோழி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும் என்பது ஏற்பாடு. முப்பத்தைந்து ஆண்டு இந்தப் புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாரம்மாவாக இருந்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அட்டையை ஓரமாக வைத்தேன்.

நாலு மணிக்கு சலேத் ரொட்டி கொண்டுவந்தாள். நீள ரொட்டி ஒன்று வாங்கிப் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. இரண்டு வீடு தள்ளி அவள் குடிவந்த நாள் முதல் இதுதான் வழக்கம். முறுகின முனை எப்போதும் அவளுக்கு. "உனக்குப் பல்லே இல்ல, முனைய வெச்சிகினு என்னா பண்ணுவ?" என்பாள். எழுபத்தைந்து வயதில் அவளுக்கு மட்டும் பல் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

பெரிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் 'அமி'யின் பூர்வீகம் தேடினேன். லத்தீனில் 'அமிகா'. அதற்கு மேலே போனால் 'அமாரே', நேசிப்பது. அதற்கும் மேலே யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. குழந்தை முதலில் குழறும் 'அம்மா' என்ற ஓசையிலிருந்து வந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே ஓசையிலிருந்துதான் லத்தீனில் அப்பாவின் சகோதரிக்கு 'அமிதா' என்று பெயர் வந்ததாம். அந்த 'அமிதா' தேய்ந்து தேய்ந்துதான் இன்றைய பிரெஞ்சில் அத்தையைக் குறிக்கும் 'தாந்த்' ஆயிற்று. விரோதி என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லும் இதே குடும்பம்தான். நட்பு இல்லாதவன் என்று முன்னால் ஒரு மறுப்பைச் சேர்த்து உண்டாக்கியிருக்கிறார்கள்.

அம்மா, அத்தை, தோழி, விரோதி, எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் போல. எனக்கு அம்மா இல்லை. சலேத்தின் மகள் ஆக்னெஸ் என்னை அத்தை என்கிறாள். மற்ற இரண்டைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 13, சனி

ஆக்னெஸ் வந்திருந்தாள். மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடித்து, யூனிபார்மோடு நேராக இங்கே. அவள் மகளுக்குப் பிரான்சில் படிக்க ஆசை. யாரோ வக்கீல், ஆக்னெஸின் தாத்தா, அதாவது சலேத்தின் அப்பா, அறுபத்திரண்டு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்தால் வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்கதானே அத்தை தாத்தாவுக்கு எழுதிக் குடுத்தீங்க? அம்மா சொல்லுச்சு. அந்தக் காகிதத்தத் தேடிக் குடுங்கன்னு பிரான்சுக்கு ஒரு மனு போடணும். பிரெஞ்சுல நீங்களே எழுதுங்க. எந்த மாசம் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?"

நினைவில்லை என்றேன்.

"உங்களுக்கா நினைவில்ல!" என்று சிரித்தாள். போன வாரம் தன் கைப்பேசி எண்ணைத் தவறாகச் சொன்னபோது அவளைத் திருத்தியவள் நான்தான்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் புகை. வேண்டாத பழைய தாள்களை எரிக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் முதல் நற்கருணையின்போது கொடுத்த செபப் புத்தகம் கைக்கு வந்தது. அதன் அட்டை உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இருந்தது. பெட்டியை மூடிவிட்டேன். எதையும் எரிக்கவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

சளி. வெளியே போகவில்லை. படுத்துக்கொண்டே பழசை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

கன்னியர் மடத்து அநாதை விடுதியில் நாங்கள் முப்பத்தோரு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்றவர்களைப் பார்க்கச் சித்தி, மாமா என்று யாராவது வருவார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து காலணியைத் துடைப்பேன். துடைத்ததையே மறுபடி துடைப்பேன். ஒரு ஞாயிறு சலேத் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "மாசேர், இவள எங்க வூட்டுக்குச் சாப்புட அனுப்புங்க" என்று கன்னிகாஸ்திரியிடம் கேட்டாள். அவள் அதே பள்ளியில் தமிழ் வகுப்பு, நான் பிரெஞ்சு வகுப்பு. தண்ணீர்க் குழாயடியில் தவிர நாங்கள் பேசியதே இல்லை. எங்களுக்கு ஒன்பது வயது.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அந்த வீடுதான். சலேத்தின் அப்பா சவரிநாதன் மாமா பஞ்சாலையில் தறி ஓட்டினார். மாமி இறந்துவிட்டார்கள். மாமாவே சமைப்பார். மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். சலேத், தம்பி இஞ்ஞாசி, நான், மாமா என்று நான்கு தட்டுகள். அந்த நாலாவது தட்டு மற்ற நாட்களில் எங்கே இருக்கும் என்று ஒரு முறை சலேத்தைக் கேட்டேன். "கவுத்து வெச்சிருப்போம். வேற யாரும் அதுல சாப்புட மாட்டாங்க" என்றாள். அன்றைக்கு விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். இன்று நினைத்தாலும் சந்தோஷம்தான்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்குத் தெருவில் விளக்கு ஊர்வலம் போகும். மாமா எங்கள் மூவரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வேர்க்கடலை வாங்கித் தருவார். கடலுக்கு அப்பால் கை காட்டி, "அந்தாண்ட ஒரு நாள் போவோம்" என்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா ஒருவரிடம் கம்பளிக் கோட்டு ஒன்றைக்கூட வாங்கி வைத்திருந்தார். நம் வெயிலில் அது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். நானும் சலேத்தும் ஆளுக்கு ஒரு கைக்குள் புகுந்து விளையாடுவோம்.

ஜனவரி 23, செவ்வாய்

நான் அனுப்பியிருந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு குணசீலன் தொலைபேசியில் பேசினார்.

"மேடம், அமிக்கு ரெண்டாவது பொருளாக் காதலின்னு போட்டுடலாமா? வேற அகராதியில இருக்குதே."

பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் காதலியைத்தான் முதலில் குறித்தது என்றும், தோழி பிறகுதான் வந்தாள் என்றும் விளக்கினேன். இப்போது காதலி என்று சொல்ல முன்னால் 'சின்ன' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள், அது வேறு அட்டையில் வரும் என்றேன்.

"தோழின்னு ஒத்த வார்த்தை மட்டும் போட்டா மொட்டையா இருக்குது மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. மொட்டையா? நம் பழைய அகப்பாட்டுகளில் தோழி செய்யாத வேலை உண்டா? தலைவிக்காகப் பேசுகிறவள் அவள். தாயிடம் சொல்ல முடியாததைச் சொல்கிறவளும், வாசலில் நிற்கிறவனைத் திருப்பி அனுப்புகிறவளும் அவள்தான். பாட்டுப் பாட்டாகப் பேசுவாள், தனக்கென்று ஒன்றும் கேட்க மாட்டாள். இதையெல்லாம் அவரிடம் கத்தினேன்.

"எடுத்துக்காட்டு வாக்கியம் எங்க மேடம்?" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

மனு இன்னும் எழுதவில்லை. ஆக்னெஸ் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஏன் எழுதவில்லை என்பதை இங்கேயாவது எழுதிவைக்கலாம்.

புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பிய எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பிரெஞ்சு எழுதத் தெரியாது. அதனால் மடத்துப் பெண்களைத் தேடி வந்தார்கள். பிரெஞ்சு வகுப்பில் கையெழுத்து நன்றாக இருப்பவர்களை மாசேர் வரிசையாக உட்காரவைத்து எழுதவைப்பார்கள். பதினாலு வயதில் ஊருக்கே வக்கீல் ஆகிவிட்ட பெருமை எனக்கு. தறிக்காரர், மீன்காரர், சமையல்காரர் என்று இருபத்தேழு குடும்பங்களுக்கு எழுதினேன். எல்லாம் போய்ச் சேர்ந்தன.

மாமாவுக்கு எழுதியது இருபத்தெட்டாவது. 1963 ஜனவரி கடைசியில் எழுதினேன், அவர் கையெழுத்தும் போட்டார். அவருக்குப் பகல் ஷிப்ட், பிரெஞ்சு அலுவலகத்துக்குப் போக நேரமில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. பிப்ரவரி பதினைந்தோடு நாள் முடிந்தது. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

மறக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

சலேத் ரொட்டியோடு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடது கண் மங்கிக்கொண்டு வருகிறது. என் மேசை அட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கு வரை தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"ஆக்னெஸுக்கு பிரான்சு வேணும். எனக்கு ஒண்ணும் வாணாண்டி. எங்கப்பாவ ஏன் வாணான்னாங்க, அத மட்டும் அந்தக் காகிதத்துல எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு."

அவள் கலைத்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"உன் கையால எழுதுனது, தப்பு இருந்திருக்காது. எதிர்வூட்டுத் தறிக்காரருக்குக் கூடப் பதில் வந்துச்சே. இவருக்கு மட்டும் ஒரு வரிகூட வரலியே. தெனம் தபால்காரரக் கேப்பாரு. அப்பறம் கேக்கறதையும் நிறுத்திட்டாரு. கடக்கரைக்கே போறதில்ல. 'நம்மள மாதிரி ஆளு அவங்களுக்கு எதுக்கும்மா'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு."

மாமா அறுபத்தாறில் இறந்தார். அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுத்தான் புதைத்தோம். பொத்தான்களை மாட்டியது நானும் அவளும்தான். கழுத்துப் பொத்தான் மட்டும் எனக்கு மாட்ட வரவில்லை, அவள்தான் மாட்டினாள்.

சலேத் எழுந்து போகும்போது, "அப்பா கையெழுத்துகூட ஒண்ணும் இல்லடி நம்பகிட்ட" என்றாள். படிக்கட்டு வரை கூடப் போய் விட்டுவந்தேன்.

பிப்ரவரி 10, சனி

மனுவை எழுதிப் பார்த்தேன். நல்ல பிரெஞ்சு. ஒரு பிழை இல்லை. தாளை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இல்லாத காகிதத்தைத் தேடச் சொல்லி நானே எழுதிக்கொடுத்தால், அவர்கள் தேடுவார்கள், கிடைக்கவில்லை என்பார்கள். அதுவும் மாமாவை இரண்டாம் முறை வேண்டாம் என்று சொன்னதாகத்தான் சலேத்தின் காதில் விழும். உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். அறுபத்தாறு ஆண்டுச் சிநேகம். எனக்கு வேறு யாரும் இல்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் விஷயம்.

ஒருமுறை, நாற்பது வயதில், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மூன்று 'அருள்நிறை மரியே' சொல்லச் சொன்னார். அவருக்கு என்ன, மாமாவையா தெரியும்?

பிப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயில் வளாகத்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"மனு எப்ப அனுப்பற?" என்றாள் சலேத்.

"அனுப்ப வேணாம். அங்க ஒண்ணும் இருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கடுதாசி அங்க போகவேயில்ல. எங்கிட்டதான் இருக்கு."

"எந்தக் கடுதாசி?"

"மாமா கையெழுத்துப் போட்டது."

பக்கத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்த சலேத், திரும்பாமலே பேசினாள்.

"தபால்காரரக் கேப்பாரே. நீயும் பக்கத்துல நின்னுகினு இருந்தியே."

"ஆமாம்."

"கோட்டுப் பொத்தான் போட்டியே."

"ஆமாம் சலேத்."

எழுந்தாள். அந்தச் சாலையை நாங்கள் கை பிடித்துக்கொண்டுதான் கடப்போம், அவள் கண்ணுக்கு வண்டி தெரியாது. இன்று அவள் எனக்காக நிற்கவில்லை. கையை நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டே ஒருத்தியாகக் கடந்துபோனாள். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை என் உயிர் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

ரொட்டி வரவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

வரவில்லை. ஆக்னெஸ் தொலைபேசியில், "அம்மா சரியா சாப்புடல. நீங்க அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அத்தை என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசையில் சலேத் நாலு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானே ரொட்டிக்கடைக்குப் போய் ஒரு முழு ரொட்டி வாங்கிவந்தேன். பாதிதான் தின்ன முடிந்தது. மீதிப் பாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பகல் பதினொரு மணிக்கு சலேத் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "எடுத்துகினு வா. படி" என்றாள்.

செபப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். மடித்த இடங்களில் தாள் இற்றுப்போயிருந்தது. முதலில் பிரெஞ்சில் படித்தேன், பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கீழே கையெழுத்திட்டிருக்கும் சவரிநாதன், தறித் தொழிலாளி, ஆகிய நான், என் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன். என்னுடன் என் மகள் சலேத்மேரி, வயது பதினாலு. என் மகன் இஞ்ஞாசி, வயது ஒன்பது. அங்கே நிறுத்திக்கொண்டு தாளை மடிக்கப் போனேன்.

"இரு. அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குது." தாளை வாங்கி வலது கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். தமிழ் வகுப்பென்றாலும் பெயர்களைப் படிக்கத் தெரியும் அவளுக்கு. "இது உன் பேருதான?"

"ஆமாம்."

"என்னான்னு போட்டிருக்கு?"

"மேலும், ஓர் அமி, லியோனி, வயது பதினாலு."

"அப்பாவுக்குத் தெரியாம எழுதுனியா?"

"இல்ல. நான்தான் கேட்டேன், மாமா, என்னையும் எழுதிக்கட்டுமான்னு. 'எழுதும்மா, கப்பல்ல எடமா இல்ல'ன்னாரு. என்ன உறவுன்னு போடறதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'மகள்னு போட்டா பொய்யாப் பூடும். நம்ம சலேத்துக்குச் சிநேகிதின்னு போடு, அது நெசந்தான'ன்னாரு. போட்டேன். படிச்சுக் காட்டினேன். அப்பறம்தான் கையெழுத்துப் போட்டாரு."

மீதியையும் சொல்லிவிட்டேன். இதை நான் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

மாமா கையெழுத்துப் போட்ட அன்று மாலை மாசேரிடம் தாளைக் காட்டினேன். சிரித்துவிட்டார்கள். சிநேகிதியை எல்லாம் இதில் எழுத முடியாது, இதைக் கொடுத்தால் முழுத்தாளையும் தள்ளிவிடுவார்கள், உன் பெயர் இல்லாமல் வேறு தாளில் எழுதி மறுபடி கையெழுத்து வாங்கு என்றார்கள். புதுத்தாளும் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். சலேத்தின் பெயரை எழுதினேன், இஞ்ஞாசியின் பெயரை எழுதினேன். அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். கை வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன், அதற்கு அடுத்த நாளும். நான் உலகத்தில் எந்தக் குடும்பத்துத் தாளிலும் இருந்ததில்லை. அந்த ஒரு தாளில் இருந்தேன். அதிலிருந்து என்னை நானே எடுக்க வேண்டும், எடுத்தால் அவர்கள் மூவரும் கப்பல் ஏறிவிடுவார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய், பிப்ரவரி பதினைந்து ஆகிவிட்டது.

"எழுதத் தெரியாமப் போகலடி. எழுத முடியல" என்றேன். அழுதுவிட்டேன். எழுபத்தைந்து வயதில் விடுதிப் பெண்ணைப் போல் அழுதேன்.

அவள் அழவில்லை. "அப்ப எங்கப்பாவ யாரும் வாணான்னு சொல்லல" என்றாள்.

"இல்ல."

"அவரு நாலு பேருக்குக் கேட்டிருக்காரு."

"ஆமாம்."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு தபால்காரர எதிர்பாத்துகினு கெடந்திருக்க மாட்டாரு லியோனி. மூணு வருசம். கடக்கரைக்காவது போயிருப்பாரு."

அவள் தாளை மேசைமேல் விரித்தாள்.

தாளின் கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதிய வெ. சவரிநாதன். அதன் மேல் விரலை வைத்து முதலிலிருந்து கடைசி வரை ஓட்டினாள். கடைசி எழுத்தில் மாமா பேனாவை அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருக்கும். அங்கே விரலை நிறுத்தினாள்.

"இத நான் எடுத்துகினு போறேன்."

"எடுத்துக்கோ."

வாசலில் திரும்பி, "மன்னிச்சிட்டேன்னு உன் நோட்டுல எழுதிடாத" என்றாள்.

எழுதவில்லை. அவள் மன்னிக்கவில்லை என்பதை இங்கே ஒழுங்காகப் பதிந்துவைக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையில் கடைசி அட்டையை முடித்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அமி, பெண்பால்: தோழி, சிநேகிதி. எடுத்துக்காட்டு: அவர் தம் மகள், மகன் பெயர்களோடு ஓர் அமியின் பெயரையும் எழுதச் சொன்னார்.

குணசீலன் உடனே கூப்பிட்டார். "பள்ளிப் பிள்ளைங்களுக்கு வாக்கியம் கொஞ்சம் நீளம் மேடம். கடைசிப் பகுதிய வெட்டிடலாமா?"

"வெட்டினால் இந்த அகராதி வேலையே எனக்கு வேண்டாம்" என்றேன். இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

நாலு மணி ஆயிற்று. கதவைத் திறந்து வைத்திருந்தேன். நாலரை ஆயிற்று. ஐந்துக்கு ஆக்னெஸ் வந்து, தாளில் சுற்றிய பாதி ரொட்டியை மேசையில் வைத்தாள்.

"அம்மா குடுக்கச் சொல்லுச்சு அத்தை. கடையில புதுசு தீந்து போச்சாம், இது நேத்து ரொட்டியாம்."

ஐந்து மணிக்கு எந்தக் கடையிலும் புது ரொட்டி தீராது. கல் போல இருந்தது. பாலில் ஊறவைத்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.